தண்டுவடத்தில் அடிபட்டவர் வீடு திரும்பினால்: முதல் வருடத்துக்கான முழு வழிகாட்டி

பைக்கில் போகும்போது லாரி இடித்தது, தென்னை மரத்திலிருந்து விழுந்தது, சாரம் சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தது. நம் ஊரில் தண்டுவடக் காயத்தின் கதை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆபரேஷன் செய்து முதுகில் கம்பியும் ஸ்குரூவும் வைத்து, கொஞ்ச நாளில் "வீட்டுலயே பிசியோ பண்ணிக்கிடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்போ நடப்பான்?"

என் தம்பி வீல்சேருக்கு வந்து பல வருடம் ஆகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஊர் ஊராக அலைந்து நிலத்தை விற்ற குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். நடை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் முதல் வருடத்தில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தொற்றும், அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமியும்தான். நடக்காதது யாரையும் கொல்வதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் தோல், சிறுநீர், உட்காரும் இடம், காகிதம் என்ற வரிசையில் போகிறேன். நடையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறேன்.

இது இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ உணர்வும் அசைவும் போனவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும். உங்கள் டாக்டர் நேரில் பார்த்துச் சொல்வது வேறாக இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

அடிபட்டது எந்த மட்டத்தில், ஏஎஸ்ஐஏ கிரேடு (உணர்வும் அசைவும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அளவுகோல்) என்ன என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதச் சொல்லுங்கள். கழுத்துப் பகுதி சி1 முதல் சி8, நெஞ்சுப் பகுதி டி1 முதல் டி12, அதற்குக் கீழே எல், எஸ். கிரேடு ஏ முதல் ஈ வரை. 'ஏ' என்றால் ஆசனவாய்ப் பகுதியில்கூட உணர்வோ அசைவோ இல்லை, அதாவது முழுக் காயம். 'பி', 'சி', 'டி' என்றால் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது, மீள்வதற்கான வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும். திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் ஆறு, ஒன்பது மாதத்துக்குள் வந்துவிடுகிறது, அப்புறம் வேகம் குறையும். பின்னாளில் யார் என்ன சிகிச்சையை விற்க வந்தாலும் இந்த ஒரு வரியை வைத்துத்தான் நீங்கள் எதிர்க்கேள்வி கேட்க முடியும்.

அடுத்து, எப்போதிலிருந்து உட்கார வைக்கலாம், பெல்ட்டை எத்தனை வாரம் போட வேண்டும், யூரின் டியூபை எப்போது எடுப்பது, அதற்குப் பிறகு என்ன முறை. இவை எழுத்தில் வேண்டும். கடைசியாக, புனர்வாழ்வு மருத்துவத் துறைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம். பிசியோதெரபியும் புனர்வாழ்வு மருத்துவமும் ஒன்றில்லை. பின்னதில் டாக்டர், நர்ஸ், பிசியோ, கைத்திறன் பயிற்சி தரும் தெரபிஸ்ட், கருவி செய்கிறவர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே குழுவாக இருப்பார்கள். பல ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு துறை இருப்பதையே யாரும் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

2. தோல்

முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோனார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அங்கே அவர் கொண்டுவந்த பெரிய சிகிச்சை, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் போடுவது. மருந்தில்லை, மெஷினில்லை. அதே மருத்துவமனைப் புல்வெளியில் 1948-ல் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பிறகு பாராலிம்பிக் ஆனது, அது வேறு கதை.

வீட்டில் செய்வதும் அதேதான். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்றுங்கள். இடது பக்கம், மல்லாந்து, வலது பக்கம் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டி நேரம் போட்டு வைத்தால் யார் முறை, எந்தப் பக்கம் என்ற சண்டை வராது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். ஏர் பெட் வாங்கியாச்சு, இனி புரட்ட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மெடிக்கல் கடையில் விற்கும் வட்டமான காற்று வளையம் வேண்டவே வேண்டாம், நடுப்பகுதிக்கு வரும் ரத்தத்தைச் சுற்றிலும் அழுத்தி நிறுத்துவதுதான் அது செய்யும் வேலை.

காலையும் இரவும் தோலைப் பாருங்கள். வால் எலும்பு, உட்காரும் எலும்புகள் இரண்டு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், குதிகால். கைப்பிடி வைத்த கண்ணாடி இருந்தால் அவரே பார்த்துக்கொள்ளலாம், செல்போனில் படம் எடுத்துக் காட்டினாலும் சரி. புத்தகங்களில் 'சிவந்திருந்தால்' என்று போட்டிருப்பார்கள், மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருநீலமாக இருக்கிறதா, புறங்கையை வைத்தால் சூடாக இருக்கிறதா, அமுக்கினால் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் மறுபடி பழைய நிறத்துக்கு வரும்வரை அதன்மேல் படுக்கவோ உட்காரவோ கூடாது. கல்யாணமோ திருவிழாவோ, எதுவாக இருந்தாலும் சரி.

உணர்வில்லாத காலில் சூடு தெரியாது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். தொடைமேல் சுடு சாப்பாட்டுத் தட்டு, வெந்நீர் ஒத்தடம், பைக் சைலன்சர், மத்தியான வெயிலில் கோயில் பிராகாரக் கல். இதெல்லாம் கொப்புளமாகி, ஆறாமல் மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும்.

புண் வந்துவிட்டால் மஞ்சள், பவுடர், வேப்பிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். அதன்மேல் அழுத்தம் படாமல் இருப்பதுதான் முதல் மருந்து. கறுத்துப் போனாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

3. சிறுநீர்

நிரந்தரமாக டியூபும் பையும் மாட்டி அனுப்பினால் அது வசதியாகத்தான் தெரியும். ஆனால் உள்ளேயே இருக்கும் டியூபில் கிருமி படியும், கல் உருவாகும், வருடக்கணக்கில் போனால் பல சிக்கல்கள் வரும். கை நன்றாக வேலை செய்கிற பெரும்பாலானவர்களுக்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தாங்களே ஒரு மெல்லிய கதீட்டரை விட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவது. ஆஸ்பத்திரியில் இதை சிஐசி என்பார்கள்.

இது எப்படி வந்தது என்று தெரிந்தால் பயம் போகும். 1970 வரை, கதீட்டர் போடுவதென்றால் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும் என்றுதான் மருத்துவ உலகம் நம்பியது, வீட்டில் யாரால் அப்படிச் செய்ய முடியும்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடிஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி உப்பினால் அதன் சுவருக்கு ரத்தம் குறைகிறது, அப்போதுதான் கிருமி பிடித்துக்கொள்கிறது, எனவே அடிக்கடி காலி செய்வதுதான் முக்கியம், கை சுத்தமாக இருந்தால் போதும் என்றார். 1972-ல் அவர் குழு அதை வெளியிட்டபோது பலரும் நம்பவில்லை. இன்று உலகம் முழுவதும் அதுதான் நடைமுறை. புனர்வாழ்வு ஆராய்ச்சியில் என்னைக் கேட்டால் இதற்கு மிஞ்சிய கண்டுபிடிப்பு இல்லை, ஒரு சோப்பும் ஒரு குழாயும்.

முறையை நர்ஸ் முன்னால் செய்து காட்டித்தான் கற்றுக்கொள்ள வேண்டும், வீடியோ பார்த்து ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் கைக்கொள்ள வேண்டிய கணக்கு இவ்வளவுதான்: ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வரக்கூடாது, வந்தால் இடைவெளியைக் குறையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் குடிக்கும் நேரத்தைப் பிரியுங்கள். முதல் சில வாரம் அளவு ஜாடியில் பிடித்து நோட்டில் எழுதுங்கள், டாக்டருக்கு அந்த நோட்டு எந்த ஸ்கேனையும்விட உபயோகம். "அடிக்கடி போட வேண்டியிருக்கே" என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கல்லுக்கும் தொற்றுக்கும் நாமே வாசல் திறந்து வைப்பது.

கதீட்டர் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தத்தான் செய்யப்படுகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து வாங்க முடியாததால் நம் ஊரில் கழுவிக் காயவைத்துத் திரும்ப உபயோகிப்பதுதான் நடக்கிறது. எப்படிக் கழுவுவது, எத்தனை நாளில் தூக்கிப் போடுவது என்பதை உங்கள் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு அதன்படி செய்யுங்கள். கலங்கலும் நாற்றமும் மட்டும் இருந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீரென்று கால் இறுக்கம் கூடுவது, ஒரு தடவை கதீட்டர் போட்டதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவிலேயே ஒழுகுவது, இவை தொற்றின் அடையாளம். கடையில் கேட்டு மாத்திரை வாங்காமல் யூரின் கல்ச்சர் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

4. மலம்

யாரும் பேச மாட்டார்கள், ஆனால் வெளியே போகத் தயங்கி வீட்டிலேயே முடங்குவதற்கு நிறையப் பேருக்கு இதுதான் காரணம். தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், அதே நேரத்தில், சாப்பிட்டு இருபது முப்பது நிமிடம் கழித்து உட்காருங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் சூட்சுமம். ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரை, கையுறை போட்டு ஜெல் தடவிய விரலால் தூண்டுவது, இவற்றை நர்ஸ் சொல்லித்தருவார். சில வாரத்தில் குடல் பழகிவிடும்.

5. டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டிருந்தால் இதை மனப்பாடம் செய்யுங்கள்

திடீர் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, மயிர்க்கூச்சம், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுவது. ஆஸ்பத்திரியில் இதை ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள், இது அவசர நிலை. இவர்களின் சாதாரண அழுத்தமே 90, 100 என்று குறைவாக இருக்கும், அதனால் 140 என்பதே இவர்களுக்கு ஆபத்தாக இருக்கலாம். இது தெரியாத டியூட்டி டாக்டர் "நார்மல்தான்" என்று சொல்லிவிடக்கூடும்.

உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். பெல்ட், இறுக்கமான உடை, காலுறை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். யூரின் டியூப் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள். டியூப் இல்லையென்றால் கதீட்டர் விட்டுக் காலி செய்யுங்கள். முக்கால்வாசி நேரம் காரணம் அங்கேதான். இல்லையென்றால் மலச்சிக்கல், புண், நகம் உள்ளே வளர்ந்தது என்று ஏதாவது ஒன்று. குறையவில்லையென்றால் 108. கழுத்து மட்டம் அடிபட்டவர்கள் இதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்பது நல்லது.

6. புனர்வாழ்வு மையம்: எங்கே, எதற்கு

வேலூர் சிஎம்சியின் பாகாயம் வளாகத்தில் உள்ள மையம் 1966-ல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, வீல்சேரிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர், பிறகு நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பியவர். அங்கே சிகிச்சை முடித்துப் போனவர்களை மறுபடி வரவழைத்து உடம்பைப் பரிசோதித்து, கூடிப் பேசி விளையாட வைக்கும் 'ரிஹாப் மேளா' உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தத் துறை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அங்கே போவது நடை கற்க மட்டும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே உடுத்துவது, கதீட்டர் போடுவது, கீழே விழுந்தால் ஏறுவது, இவைதான் அங்கே கற்றுக்கொள்வது. இதைவிடப் பெரியது, தன்னைப்போல அடிபட்டு வேலைக்குப் போகும் இன்னொருவரைப் பக்கத்துக் கட்டிலில் பார்ப்பது. தம்பியிடம் நாங்கள் மாதக்கணக்கில் சொல்லியும் ஏறாத விஷயம், தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு செக்கப்புக்கு வந்த ஒரு அண்ணன் "தம்பி, கையை இப்படி ஊனி எக்குங்க" என்று ஒரு தடவை காட்டியதும் ஏறியது.

வெளியே வந்தபிறகு? பங்களாதேஷில் வேலரி டெய்லர் என்ற பிசியோதெரபிஸ்ட் 1979-ல் தொடங்கிய சிஆர்பி மையத்தில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது. டிஸ்சார்ஜ் ஆன 410 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வருடம் தொடர்ந்து போன் செய்தும் வீட்டுக்குப் போயும் கவனித்தார்கள். கடைசியில் பார்த்தால் இரு பக்கமும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்து நான் சோர்ந்துதான் போனேன். ஆனால் யோசித்தால், போனில் அக்கறையாகப் பேசுகிறவரால் வாசல்படியை இடிக்க முடியாது, வருமானமும் தர முடியாது. அதனால்தான் அடுத்து வருவது எல்லாம் நாற்காலி, பணம், வீடு.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ தருவதும் உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். அரசின் 'விழுதுகள்' சேவை மையம் உங்கள் பக்கம் திறந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

7. நாற்காலியும் மெத்தையும்

முகாமில் கொடுக்கும் மடக்கு வீல்சேர், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் தள்ளிக்கொண்டு போவதற்கானது. அகலம் அதிகம், கைப்பிடி கழலாது. அதில் நாள் முழுக்க உட்கார்ந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் புண் வரும். முதலில் அளவு எடுங்கள்: உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளம் (அதில் இரண்டு விரல் குறைத்துக்கொள்ளுங்கள்), முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை. இந்த அளவுக்குப் பொருந்துகிற, கைப்பிடி கழலுகிற நாற்காலியைத்தான் கேட்க வேண்டும். சென்னை ஐஐடியின் டிடிகே ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு இந்த வகையில் நல்ல வேலை செய்திருக்கிறது. நிற்கவைக்கும் 'அரைஸ்' நாற்காலி, ஆளுக்கேற்ப அளவு மாற்றும் 'நியோஃப்ளை', அதோடு முன்னால் மாட்டினால் ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓட்டக்கூடிய 'நியோபோல்ட்' எல்லாம் அங்கே பிறந்தவைதான். விலை எல்லாருக்கும் எட்டாது, ஆனால் நன்கொடை, நிறுவனங்களின் சமூகநிதி வழியாக வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

குஷன் சரியா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. அவரை முன்னால் சாயச் சொல்லி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி உங்கள் கையைப் பின்பக்கத்துக்கும் குஷனுக்கும் நடுவில் விடுங்கள். உட்காரும் எலும்பு விரல்நுனிமேல் வரும்படி அவர் நிமிர்ந்து உட்காரட்டும். விரல்நுனியை மேலும் கீழும் கொஞ்சம் அசைக்க முடிந்தால் பரவாயில்லை. அசைக்க முடியவில்லை, ஆனால் உருவ முடிகிறது என்றால் எச்சரிக்கை. நசுங்கி, உருவவே கஷ்டமாக இருந்தால் அந்தக் குஷனில் இன்னொரு நாள்கூட உட்கார வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஸ்பாஞ்ச் கொஞ்ச நாளில் அமுங்கிப்போகும் என்பதால் மாதம் ஒரு முறை தம்பிக்கு இதைச் செய்கிறோம், அவன் "சீக்கிரம் எடு, கூசுது" என்று கிண்டல் செய்வான், உணர்வில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

எந்தக் குஷனாக இருந்தாலும் கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் நன்றாகக் குனிந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும், இல்லை பக்கவாட்டில் சாய வேண்டும். போனில் அலாரம் வையுங்கள்.

8. காகிதங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி இல்லாமல் ஒன்றும் நகராது. ஸ்வாவ்லம்பன் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டும். அடிபட்ட உடனேயே நிரந்தரச் சான்றிதழ் தர மாட்டார்கள், நிலை ஒருமாதிரி நின்ற பிறகுதான். அதுவரை தற்காலிகச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். 2024 திருத்தத்துக்குப் பிறகு அட்டையில் நிறம் உண்டு: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

அட்டை வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். தண்டுவடம் பாதித்தவர்களும் அதற்குத் தகுதியானவர்களில் வருகிறார்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், பேட்டரி வீல்சேர், பஸ் சலுகை ஆகியவற்றுக்கும் அங்கேயே விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் தனி மனு எழுதுங்கள், ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்டால் அது எந்த மேஜையிலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நகல் எடுத்து, தேதி போட்ட முத்திரை வாங்குங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே கொடுங்கள், அங்கே மனுவுக்கு எண் கிடைக்கும், எண் கிடைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

முன்னால் போவது அடிபட்டவராக இருக்கட்டும். அவருடைய மனுவை அண்ணனோ அப்பாவோ கொண்டுபோய் நீட்டினால் கிளார்க் எங்களிடம்தான் பேசுவார், நாற்காலியில் இருப்பவரைப் பார்க்கவே மாட்டார்.

சட்டத்தில் இரண்டு இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25-ம் பிரிவு, அரசு மருத்துவமனையோ தனியாரோ எல்லாப் பகுதியும் தடையில்லாமல் இருக்க வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும் என்கிறது. வரிசையில் காக்க வைத்தால் இதைச் சொல்லலாம், சத்தம் போடாமலே. 20-ம் பிரிவின் நாலாம் உட்பிரிவு, அரசு வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது, அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது. இது தெரியாமல், பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னார்கள் என்று விருப்ப ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

9. விபத்து வழக்கு

சாலை விபத்து என்றால் எம்.சி.ஓ.பி. எனும் விபத்து இழப்பீட்டு வழக்கு போட்டே ஆகவேண்டும். திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். ஆபரேஷன் பில் மட்டும் கொடுத்தால் அதற்கு மட்டும்தான் கிடைக்கும். வாழ்நாள் முழுக்க ஆகும் கதீட்டர், குஷன், நாற்காலி மாற்றும் செலவு, பார்த்துக்கொள்கிறவரின் கூலி இவற்றைப் புனர்வாழ்வு டாக்டரிடம் எழுதி வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், உதவியாளர் செலவையும் வருமான இழப்பைப் போலவே வயதுக்கேற்ற பெருக்கு எண் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் அம்மாவோ மனைவியோ பார்த்துக்கொள்வதால் செலவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால் விடாதீர்கள். கட்டட வேலையில் விழுந்தவர்கள் நல வாரியத்தில் பதிவு இருந்தால் அங்கே விபத்து உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

10. வீடு

சாய்தளம் ஓரடி நீளத்துக்கு ஓரங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது. வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி நீளம் வேண்டும். கொத்தனார் "எதுக்குங்க அவ்வளவு, ஆறடி போதும்" என்பார். ஆறடியில் கட்டினால் அது பைக் ஏற்றத்தான் ஆகும். இடமில்லையென்றால் நடுவில் சமதளம் விட்டு வளைத்துக் கட்டலாம். குளியலறைக் கதவை மூன்றடி அகலமாக்கி வெளியே திறக்கிற மாதிரி மாற்றுங்கள். அவர் உள்ளே விழுந்துவிட்டால், உள்ளே திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். முழுச் செலவும் இப்போது முடியாதென்றால் கழிப்பறையை முதலில் செய்யுங்கள், வாசலுக்கு அப்புறம் வரலாம்.

11. ஸ்டெம் செல், ஆராய்ச்சி, "எப்போ நடப்பான்?"

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். முதல் வருடத்தில் உங்களுக்கும் ஒரு போன் வரும், இல்லையென்றால் சொந்தக்காரர் ஒருவர் வீடியோ அனுப்புவார். லட்சக்கணக்கில் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போட்டு நடக்க வைப்பதாகச் சொல்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் நிரூபணமான சிகிச்சை கிடையாது, அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரலாம். தண்டுவடக் காயம் அந்த விலக்கில் இல்லை.

உண்மையான ஆய்வா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், தளத்தில் தேடுங்கள். அங்கே போட்டிருக்கும் மருத்துவமனையும் மட்டமும் கிரேடும் உங்களிடம் சொல்வதோடு பொருந்துகிறதா பாருங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கத் தர வேண்டும். முக்கியமாக, ஆய்வில் சேருகிறவரிடம் அந்த மருந்துக்குப் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். "எண் இருக்கு, ஆனா பேக்கேஜ் மூணு லட்சம்" என்று சொல்வது ஆய்வு இல்லை, வியாபாரம்.

நல்ல ஆராய்ச்சியும் நடக்கிறது. கழுத்தில் தோலுக்கு வெளியே மின்தூண்டல் கொடுத்துக்கொண்டே கைப்பயிற்சி தரும் ஒரு கருவியை, நாள்பட்ட அரைகுறைக் கழுத்துக் காயம் உள்ளவர்களிடம் சோதித்தார்கள். பலருக்குக் கைப்பிடியும் உணர்வும் கூடியது, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ அதை அனுமதித்தது. கவனியுங்கள், அது கையைப் பற்றியது, நடையைப் பற்றியது இல்லை. தூண்டலை மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை, மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். ஆனாலும் கழுத்தில் அடிபட்ட ஒருவருக்கு டம்ளரைத் தானே பிடிக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரைக் கேட்டால் தெரியும்.

நாளைக்கு ஏதாவது ஒரு நல்ல ஆய்வு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்தாலும், புண்ணோடும் மூட்டு இறுகிய காலோடும் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் கால் மூட்டுகளை மடக்கி நீட்டுவதற்கு இது ஒரு காரணம்.

12. வருடாந்திரச் செக்கப்

சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் வருடம் ஒரு அல்ட்ராசவுண்ட், ரத்தத்தில் கிரியேட்டினின். சிறுநீர்ப்பை அழுத்தம் அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை எப்போது தேவை என்று புனர்வாழ்வு டாக்டரையோ யூராலஜிஸ்டையோ கேளுங்கள். உள்ளுக்குள் அழுத்தம் கூடி, வலியே இல்லாமல் கிட்னி பழுதாகிக்கொண்டிருக்கும், வலி தெரியாத உடம்பில் ஸ்கேன்தான் சொல்லும். கால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் ரத்தக்கட்டாகவோ எலும்பு முறிவாகவோ இருக்கலாம், தைலம் தேய்க்காமல் அன்றே காட்டுங்கள். போகும்போது சிறுநீர் நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, முந்தைய வருட ஸ்கேன் மூன்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். செக்கப்பையும் அட்டை, ஸ்கூட்டர் வேலைகளையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் வண்டி வாடகை மிச்சம்.